இண்டெக்ஸ் இருந்தும் பிளானர் ஏன் அதைத் தொடுவதில்லை

காரைக்குடியில் நகரத்தார் குடும்பப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றித் தருவது என் தொழில். இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் துணைப் பட்டியல்) போட்ட பிறகும் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் டேபிளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிறதே என்று உடன் வேலை பார்க்கும் இளைஞர்கள் கேட்கும்போதெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான்: எந்த வழியில் படிப்பது என்று தீர்மானிக்கும் அதன் பகுதியான பிளானர் இண்டெக்ஸைக் கவனிக்காமல் விடவில்லை, கணக்குப் பார்த்து வேண்டாமென்று முடிவு செய்திருக்கிறது, அல்லது நாம் எழுதிய நிபந்தனைக்கு அந்த இண்டெக்ஸ் பொருந்தவே இல்லை.

வரன் தேடும் குவெரியையே (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியையே) எடுத்துக்கொள்வோம். நகரத்தாருக்குக் கோயில்கள் ஒன்பது. ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள் என்பதால் பொதுவாகத் தங்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. ஆகவே வைரவன்பட்டிக் குடும்பத்தார் தேடும்போது ‘கோயில் வைரவன்பட்டி அல்லாதது’ என்ற நிபந்தனை வந்துவிடுகிறது. மதிப்புகளை வரிசைப்படி அடுக்கி வைக்கும் வழக்கமான வகையான பி-ட்ரீ இண்டெக்ஸ் சமம், பெரிது, சிறிது என்ற ஒப்பீடுகளுக்கு உரியது. ‘சமமில்லை’ என்பதற்கு அது உதவாது. மற்ற எட்டுக் கோயில்களின் பெயரையும் எழுதிக் கொடுத்தாலும் பிளானர் முழு டேபிளையே படிக்கும். ஒரு லட்சம் வரிகள், 8 கேபி அளவுள்ள பக்கத்துக்கு (ஒரே மூச்சில் படிக்கும் துண்டுக்கு) 20 வரிகள் என்று வைத்துக்கொண்டால் டேபிள் 5,000 பக்கம். வரிசையாகப் படிக்கும் பக்கத்துக்கு 1.0, வரி ஒன்றுக்கு 0.01, ஒப்பீடு ஒன்றுக்கு 0.0025 என்பவை போஸ்ட்கிரெஸின் இயல்பு விலைகள் (பணமல்ல, வேலையை ஒப்பிடும் அலகு); ஆக 5,000 + 1,000 + 250 = 6,250, எட்டுப் பெயர்களை ஒப்பிட்டால் இன்னும் சற்றுக் கூடும். இண்டெக்ஸ் வழியாகத் தாவிச் சென்று எடுக்கும் பக்கத்துக்கோ விலை 4.0. ஒன்பதில் எட்டுப் பங்கு வரிகள் வேண்டும் என்னும்போது தொடாமல் விடக்கூடிய பக்கமே அநேகமாக இருக்காது என்பதால், பக்கச் செலவு மட்டுமே 20,000 ஆகிவிடும். ஒரே ஒரு கோயிலைக் கேட்டால் நிலைமை மாறும். இண்டெக்ஸில் பக்க எண்களைத் திரட்டிக்கொண்டு பக்க வரிசைப்படி படிக்கும் பிட்மேப் முறை அப்போது மலிவாகலாம். இப்படி விலை போட்டுத் திட்டம் தேர்ந்தெடுக்கும் வழியை ஐ.பி.எம்.மின் சிஸ்டம் ஆர் என்ற ஆய்வுத் தரவுத்தளக் குழுவில் பட்ரீசியா செலிஞ்சரும் உடன் பணியாற்றியோரும் 1979இல் வெளியிட்டார்கள். இன்றும் அதற்கு ஈடான தெளிவை நான் கண்டதில்லை. அந்த 4.0 மட்டும் சுழலும் வட்டுக் காலத்து விலை, சுழலும் பாகமில்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் கொண்ட சர்வரில் 1.1 அளவுக்குக் குறைப்பதே நியாயம்.

பெயர்த் தேடலில் சிக்கல் வேறு. ‘ராம.அ.ராம.’ என்று முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளை அடுக்கிய விலாசம் பெயருக்கு முன்னால் நிற்பதால், சிதம்பரம் என்பவரைத் தேட ‘%சிதம்பரம்’ (முன்னால் எதுவும் இருக்கலாம் என்பதே % குறி) என்று எழுதுகிறார்கள். பி-ட்ரீ முதலெழுத்திலிருந்து அடுக்கப்பட்டது. தொடக்கம் தெரியாமல் அதில் எங்கே இறங்குவது? விலாசத்தைத் தனி ஃபீல்டாகப் பிரித்து வைப்பதே சரியான வழி. தமிழ் எழுத்தில் பெரியது, சிறியது என்ற பேதமே இல்லாதபோதும் பழக்கத்தால் பெயரை, ஆங்கில எழுத்துகளைச் சிறியதாக்கும் லோயர் ஃபங்ஷனுக்குள் போட்டு ஒப்பிடுவோரும் உண்டு. ஃபங்ஷனோடு சேர்த்தே இண்டெக்ஸ் போட்டிருந்தாலன்றி அங்கேயும் அது பயன்படாது.

டேபிளைப் பற்றிப் பிளானர் நம்பியிருக்கும் புள்ளிவிவரம் பிழையானால் அதன் கணக்கும் தவறாகும். ஒக்கூர்ப் பிரிவு என்றாலே இளையாத்தங்குடிக் கோயில்தான் என்பது நமக்குத் தெரியும். பிளானரோ இரண்டு நிபந்தனைகளின் விகிதங்களையும் பெருக்கி, வரப்போகும் வரிகளை மிகக் குறைவாக மதிப்பிடும். 2017இல் வந்த போஸ்ட்கிரெஸ் 10ஆம் பதிப்பிலிருந்து கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கட்டளையால் இந்தச் சார்பைத் தெரிவிக்கலாம்.

முழு டேபிளையும் படிக்க அனுமதிக்கும் எனேபிள் சீக்ஸ்கேன் அமைப்பை நிரந்தரமாக ஆஃப் செய்துவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று நகர்வதை நான் ஏற்பதில்லை. சோதனைக்காக ஒரு செஷனில் மட்டும் அதை அணைத்து, குவெரியை ஓட்டித் திட்டத்தை விளக்கும் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் கட்டளை காட்டும் மதிப்பீட்டு வரிகளையும் உண்மையில் வந்த வரிகளையும் ஒப்பிட வேண்டும்; இரண்டும் பல மடங்கு விலகினால் முதலில் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் அனலைஸ் கட்டளையை ஓட்ட வேண்டும், எண்ணிக்கை ஒத்துப்போய் நேரம் மட்டும் விலகினால் பக்க விலைகளைத் திருத்த வேண்டும்.