ஃபியூஸ் போனால் வயரைத் தேடுங்கள்

காரில் ஃபியூஸ் போய்விட்டது என்று யாராவது போன் செய்தால் நான் முதலில் கேட்பது, "அதுகூட வேற என்னென்ன போச்சு?" என்றுதான். ஒரே ஃபியூஸிலிருந்து பல இடங்களுக்குக் கரண்ட் போகும். எவையெல்லாம் சேர்ந்து நின்றன என்று தெரிந்தால், பெட்டியைத் திறக்கும் முன்பே பாதி வேலை முடிந்த மாதிரி.

சித்தப்பா மகன் ஒரு ராத்திரி எட்டயபுரம் பக்கம் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கூப்பிட்டான். "அண்ணே, மீட்டர்ல லைட்டே இல்ல. என்ன ஸ்பீடுல போறேன்னு தெரியல."

"ஹெட்லைட்டு?"

"அது நல்லா எரியுது."

"பார்க் லைட்டப் போட்டுட்டு, எறங்கிப் பின்னாடி போய்ப் பாரு."

டெயில் லைட் இரண்டும் இல்லை, நம்பர் பிளேட் லைட்டும் இல்லை. கூட இருந்தவர் பிரேக்கை மிதித்தால் மட்டும் பின்னால் சிவப்பு வந்தது; பிரேக் லைட்டுக்குத் தனி ஃபியூஸ். மீட்டர் இருட்டாக இருப்பதை அவன் பெரிதாகச் சொன்னான். பின்னால் வரும் லாரிக்காரர் கண்ணுக்கு இவன் வண்டியே தெரியாதே என்று எனக்குத்தான் பதறியது. உடனே நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு, ஆட்களை ரோட்டை விட்டுத் தள்ளி நிற்கச் சொன்னேன்.

பெரும்பாலான கார்களில் ஃபியூஸ் பெட்டி இரண்டு இருக்கும். ஒன்று பானட்டுக்குள், பேட்டரி பக்கத்தில். ரேடியேட்டர் ஃபேன் மாதிரி அதிகக் கரண்ட் இழுப்பவை அங்கே. இன்னொன்று டேஷ்போர்டுக்குக் கீழே, டிரைவரின் முழங்கால் பக்கம். அவன் வண்டியில் டெயில் லைட் ஃபியூஸ் உள்பெட்டியில் இருந்தது. மூடியின் உட்புறத்திலோ வண்டியோடு வந்த புத்தகத்திலோ எது எதற்கு என்று படம் இருக்கும். அதை ஒரு போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரியில் குனிந்து படிக்க முடியாது. நிறத்தையும் பழகிக்கொள்ளலாம்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. எந்தக் கம்பெனி வண்டியானாலும் பிளேடு ஃபியூஸுக்கு, அதாவது இரண்டு தட்டைக் கால் வைத்த பிளாஸ்டிக் ஃபியூஸுக்கு, இதே நிறம்தான்.

சாவியை ஆஃப் செய்துவிட்டு, பெட்டியிலேயே மாட்டியிருந்த சின்ன பிளாஸ்டிக் இடுக்கியால் டெயில் லைட்டுக்கான சிவப்பு 10 ஆம்பியர் ஃபியூஸைப் பிடுங்கி டார்ச்சுக்கு நேரே பிடிக்கச் சொன்னேன். உள்ளே வளைந்து போகும் மெல்லிய தகடு நடுவில் அறுந்து, பிளாஸ்டிக்கில் கருப்பாகப் படிந்திருந்தது. ஸ்பேர் இல்லை. பின் கண்ணாடி வைப்பருக்கும் 10 ஆம்பியர்தான், மழையும் இல்லை. அதை எடுத்து இதில் போட்டான். லைட் எரிந்தது. வீடு வந்து டிக்கியைத் திறந்து பையை எடுத்து மூடினான், மறுபடி போய்விட்டது.

அவன் நண்பர் ஒருவர் 20 ஆம்பியர் போட்டால் போகாது என்றிருக்கிறார். இன்னொருவர் செம்பு வயரில் ஒரு இழையைச் சுற்றச் சொல்லியிருக்கிறார். இந்த இரண்டு யோசனையையும் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். ஃபியூஸ் இருப்பது பல்பைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. வயரின் தடிமனைப் பார்த்துத்தான் 10 என்று வைத்திருக்கிறார்கள். 20 போட்டால் ஃபியூஸ் போகாது, வயர் சூடாகி உருகும், அதுவும் கார்ப்பெட்டுக்கு அடியில்.

கணக்குப் போட்டாலே விஷயம் தெரியும். முன்னும் பின்னுமாகப் பார்க் பல்புகள், நம்பர் பிளேட் பல்பு எல்லாம் 5 வாட் வகை. ஆறு பல்பு என்றாலும் 30 வாட். 12 வோல்ட்டில் இரண்டரை ஆம்பியர். 10 ஆம்பியர் ஃபியூஸ் இதற்குப் போகவே கூடாது. போனது என்றால் எங்கோ வயர் பாடியில் தொடுகிறது. கார் பாடி முழுவதுமே பேட்டரியின் நெகட்டிவ்தான்.

டிக்கியை மூடியதும் போனதுதான் துப்பு. டிக்கிக் கதவுக்கும் கூரைக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். நம்பர் பிளேட் லைட்டுக்கான வயர் அதற்குள்தான் போகிறது. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் வயர் அதே இடத்தில் மடங்கும். ஞாயிற்றுக்கிழமை ரப்பரைக் கழற்றிப் பின்னுக்குத் தள்ளினேன். ஒரு வயரின் தோல் முழுவதும் வெடித்து, செம்பு பச்சை பூத்து வெளியே தெரிந்தது. அது உரசிய தகட்டில் பெயிண்ட் போய்க் கருத்திருந்தது. பக்கத்து வயர் இரண்டிலும் கீறல் விழ ஆரம்பித்திருந்தது.

டேப் சுற்றினால் அங்கே நிற்காது, வெயிலில் பசை இளகி வழிந்துவிடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு மூன்று வயரையும் வெட்டி, அதே தடிமனில் புது வயரைக் கொஞ்சம் நீளமாக விட்டு, ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டேன். ஒட்டு மடிப்பில் வராதபடி உள்ளே தள்ளிவிட்டேன். புது 10 ஆம்பியர் மாட்டி, லைட்டைப் போட்டபடியே டிக்கியைத் திறந்து திறந்து மூடச் சொன்னேன். ஃபியூஸ் போகவில்லை.

கையில் டெஸ்ட் லாம்ப் (ஒரு பக்கம் கிளிப், ஒரு பக்கம் கூர் முனை உள்ள சின்ன பல்பு) இருந்தால் ஃபியூஸைப் பிடுங்கவே வேண்டாம். லைட் சுவிட்சைப் போட்டுவிட்டு, கிளிப்பைப் பாடியில் மாட்டி, ஃபியூஸ் முதுகிலுள்ள இரண்டு சின்ன ஓட்டைகளிலும் முனையை வையுங்கள். இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. ஒன்றில் மட்டும் என்றால் போய்விட்டது. ஸ்பேர் வாங்கப் போகும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள். ஒரே ஆம்பியரிலேயே பெரிசு, மினி, கால் குட்டையான மினி என்று அளவு மாறும்.