256 கிலோவாக ஏறிய எடை

பாலக்காடு அருகே கஞ்சிக்கோட்டில் எடைமேடைக் கருவிகளுக்கு ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள்ளேயே ஓடும் புரோகிராம், எழுதுகிறோம். பழைய 8-பிட் ஏவிஆர் சிப் போர்டோடு புதிய ஆர்ம் சிப் டிஸ்ப்ளே போர்டை இணைத்ததும், காலி மேடையிலேயே எடை 256, 512, 768 என்று ஏறிக்கொண்டே போனது. எடையை உணரும் லோட்செல் போயிருக்கும் என்றார்கள். லோட்செல் கெட்டால் பெரும்பாலும் எண் தாறுமாறாக ஆடும். 256 256-ஆகப் படியேறாது. இது ஒரு பைட் இடம் மாறிய கணக்கு.

அனுப்பும் ஸ்ட்ரக்டில், அதாவது பல தகவல்களை ஒன்றாகக் கட்டிய தொகுப்பில், மேடை எண் 1 பைட், எடை 4, பாக்கெட்டின் வரிசை எண் 2. ஏவிஆரில் அலைன்மென்ட் 1, அதாவது எதையும் எந்த முகவரியிலும் வைக்கலாம் என்பதால் மொத்தம் 7 பைட். ஆர்ம் கம்பைலர் 4 பைட் எண்ணை 4-ஆல் வகுபடும் முகவரியில் வைக்கும். நடுவில் 3 பைட், கடைசியில் 2 பைட் காலி விட்டு 12 ஆக்கிவிடும். வந்த 7 பைட்டை அதே ஸ்ட்ரக்டாகப் படித்ததில், எடையின் இடத்தில் வரிசை எண் ஒரு பைட் தள்ளி, 256 மடங்காகப் போய் உட்கார்ந்தது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 256 கூடியது அதனால்தான்.

யாரோ ஸ்ட்ரக்ட் இருக்கும் ஹெடர் ஃபைலின் தலையில் பிராக்மா பேக் 1 போட்டார்கள், காலி பைட் விடாதே என்று கம்பைலருக்குச் சொல்லும் வரி. எடை சரியானது. ஆனால் அதை முடித்துப் பழைய நிலைக்குத் திருப்பும் பாப் போடவில்லை. அதற்குப் பின் இன்க்ளூட் ஆன ஹெடர்களின் ஸ்ட்ரக்டுகளும் சேர்ந்து சுருங்கின. ஒரே ஸ்ட்ரக்ட் ஒரு சி ஃபைலில் ஒரு அளவு, இன்னொன்றில் வேறு அளவு. கம்பைலரும், ஃபைல்களைச் சேர்த்துக் கட்டும் லிங்கரும் வாயே திறக்கவில்லை. இதைவிட மோசமான பிழையை நான் அதிகம் பார்த்ததில்லை.

பாப் போட்ட பிறகும் ஒரு சிக்கல் மிச்சம். பேக் ஆன ஸ்ட்ரக்டின் எடை முகவரியை ஒரு ஃபங்ஷனுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த முகவரியை வைத்திருக்கும் பாயின்டருக்கு பேக் பற்றித் தெரியாது. ஆர்மின் சிறிய கார்டெக்ஸ்-எம்0 சிப் அலைன் ஆகாத முகவரியில் 4 பைட் படிக்கப் போனால் நேராக ஹார்ட்ஃபால்ட், புரோகிராம் அங்கேயே நின்றுவிடும். எங்கள் டெவலப்மென்ட் போர்டில் இருந்த எம்4-இல் பெரும்பாலும் ஓடிவிடும். அதனால் அங்கே பிடிபடவே இல்லை.

"அப்ப பேக்கே வேண்டாமா அண்ணா?" என்று கேட்டார் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வரும் எங்கள் ஜூனியர். ஒயரில் போவதற்கு வேண்டாம் என்பதுதான் என் கட்சி. பைட் பைட்டாக ஷிஃப்ட் செய்து பஃபரில் எழுதினால், எந்த பைட் முதலில் என்ற எண்டியன் தொல்லையும் சேர்ந்து தீரும். அவரே அந்த ஃபங்ஷனை எழுதினார், இருபது வரிகூட இல்லை. பேக் எடுக்க முடியாத பழைய ஃபைல்களில், சி மொழியின் 2011 பதிப்பான சி11-இன் ஸ்டாட்டிக் அஸர்ட் போட்டு, அளவு 7 இல்லையென்றால் கம்பைலே ஆகாதபடி செய்துவிட்டோம்.