சபை நடுவே ஒரு கேள்வி

கல்லூரி நாட்களை நினைத்தால் பரீட்சைப் பெறுபேறுகளுக்கு முன்னால் எனக்கு நினைவு வருவது திங்கட்கிழமைத் தமிழ்ப் பாடம்தான். ஞாயிறு காலையில் தூரதர்ஷனில் பார்த்த இராமாயணமும் மகாபாரதமும் மறுநாள் அந்த வகுப்பில் வழக்காகிவிடும். ராமானந்த் சாகரின் இராமாயணம் 1987 ஜனவரியில் தொடங்கி அடுத்த ஆண்டு ஜூலை வரை 78 பகுதிகள் ஓடியது. பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் 1988 ஒக்ரோபர் 2 முதல் 1990 ஜூன் 24 வரை 94 பகுதிகள். யாழ்ப்பாணத்தில் அந்த ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்று எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் இந்த மலரை வாசிக்கும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஊரடங்கும் மின்வெட்டும் விட்டுவைத்த பகுதிகளைத்தான் பார்த்தோம். ஒருவர் முற்றத்தில் நின்று அன்ரனாவைத் திருப்ப, உள்ளேயிருந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று குரல் வரும். கரண்ட் இல்லாவிட்டால் கார் பற்றரி. ரீவி இருந்த வீட்டு விறாந்தையில் அயல் முழுக்க இருக்கும்.

எங்களில் யாருக்கும் ஹிந்தி தெரியாது. கதை தெரியும், வசனம் விளங்காது. இராமனாக நடித்த அருண் கோவிலின் முகத்தையும் தாரா சிங்கின் அனுமனையும் பார்த்துக்கொண்டு, அவர்கள் என்ன கதைத்திருப்பார்கள் என்பதை நாங்கள் படித்த கம்பனையும் பாரதியையும் கொண்டு நிரப்பிக்கொண்டோம். அது எங்களுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு என்றே நான் நினைக்கிறேன்.

எங்கள் தமிழாசிரியர் அந்த வாய்ப்பை வீணாக்கவில்லை. 1980 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய கம்பன் கழகத்தின் வழக்காடு மன்றங்களைக் கேட்டு வளர்ந்த ஊர் அது. அதே பாணியில் வகுப்பை இரண்டாகப் பிரிப்பார். "சரி, நீர் வாலி. எழும்பிக் கேளும். இராமனுக்காக ஆர் கதைக்கப் போறியள்?" என்பார். மறைந்து நின்று அம்பு விட்டவனைப் பார்த்துக் கம்பனின் வாலி சொல்வான், நீ வாலியை வீழ்த்தவில்லை, அரச அறத்தின் வேலியையே வீழ்த்திவிட்டாய் என்று. அதைச் சொல்லிவிட்டால் இராமன் பக்கத்தவர்கள் திணறிப்போவார்கள். தம்பியின் மனைவியைக் கவர்ந்தவன், சுக்கிரீவனுக்குக் கொடுத்த வாக்கு என்றெல்லாம் அடுக்கிப் பார்ப்பார்கள். ஆனால் ஏன் மறைந்து நின்றான்? முன்னால் வந்தால் நீயும் சரண் அடைந்துவிடக்கூடும், அதனால்தான் என்று கம்பன் ஒரு பதில் தருகிறான். "அது அப்புக்காத்துக் கதை, சேர்" என்று, வக்கீல் வாதம் என்ற பொருளில், பின் வாங்கிலிருந்து ஒருத்தி சொன்னாள். ஆசிரியர் கோபிக்கவில்லை. அந்தப் பதிலைச் சொல்வது இராமன் இல்லை, இலக்குவன். இராமன் வாயில் ஏன் கம்பன் அதை வைக்கவில்லை என்று யோசித்துக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்கும் நான் அதை யோசிக்கிறேன்.

மகாபாரதத்தின் சூதாட்டப் பகுதிகள் வந்தபோது வகுப்பு வேறு மாதிரி ஆனது. திரௌபதியாக நடித்த ரூபா கங்கூலி தலைவிரி கோலமாக இழுத்துவரப்பட்டு, பெரியவர்கள் ஒவ்வொருவர் முன்னாலும் நின்று கேட்கிறார். ஒரு சொல் விளங்கவில்லை. ஆனால் என்ன கேட்கிறார் என்று விறாந்தையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தருமன் தன்னை முதலில் தோற்றானா, என்னை முதலில் தோற்றானா? தன்னையே தோற்றவனுக்கு இன்னொருத்தியைப் பணயம் வைக்க என்ன உரிமை? பீஷ்மராக நடித்த முகேஷ் கன்னா தலை குனிந்து இருந்தார். என் பெரியம்மா திரையைப் பார்த்து, "வாயைத் திறவுங்கோவன் பெரியவர்!" என்று சத்தமாகவே சொன்னார்.

மறுநாள் ஆசிரியர் பாஞ்சாலி சபதத்தை எடுத்தார். பாரதியின் பீஷ்மர் பேசாமல் இருக்கவில்லை, பேசினார். மனைவியை விற்கலாம், தானமாகக் கொடுக்கலாம் என்று சாத்திரம் சொல்கிறது, அது அநீதிதான், ஆனாலும் வழக்கம் அதுதான் என்கிறார். அதற்குத்தான் பாஞ்சாலி, பேய் அரசு செய்தால் பிணம் தின்னும் சாத்திரங்கள் என்று திருப்பி அடிக்கிறாள். அறிந்தும் தடுக்காத அறிவு யாருக்கு என்று அந்தப் பாடத்தில் தொடங்கிய வாதம் மணி அடித்த பிறகும் முடியவில்லை. அந்த நாட்களில் எங்கள் ஊரில் வாயைத் திறக்க வேண்டியவர்கள் திறக்காத சந்தர்ப்பங்கள் இருந்தன. அதை யாரும் வெளியே சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் அதையும் சேர்த்துத்தான் வாதாடினோம்.

அந்தக் காட்சி ஏன் அப்படித் தைத்தது என்று பிறகு யோசித்திருக்கிறேன். திரைக்கதையும் வசனமும் எழுதியவர் ராஹி மாசூம் ரஸா. காலத்தையே கதைசொல்லியாக வைத்த அவர், திரௌபதியின் கேள்விக்குச் சமாதானம் சொல்லித் தணிக்கவில்லை. கண்ணன் சேலை கொடுத்து மானத்தைக் காப்பாற்றுகிறான். ஆனால் கேள்விக்குப் பதில் சபையில் கிடைக்கவே இல்லை. மூலக் கதையிலும் அப்படித்தான். அதை அவர் மதித்தார்.

சாகரின் இராமாயணம் இந்த இடத்தில் எனக்கு மனத்தாங்கல் தருகிறது. அன்பும் பக்தியும் நிறைந்த படைப்பு, அதில் சந்தேகமில்லை. சீதை தீக்குளித்த பகுதியை அப்போது நாங்கள் கம்பனின் மீட்சிப் படலமாகவே பார்த்தோம். இராமனின் சுடுசொல்லைக் கேட்ட சீதை, நீ மனத்தால் உணராதபோது நான் இத்தனை காலம் பட்ட தவமும் காத்த கற்பும் வீண்பித்தாகிவிட்டதே என்கிறாள். அவளைச் சுட வந்த அக்கினியையே அவள் கற்பு சுட்டது. 2020 பொதுமுடக்கத்தில் தூரதர்ஷன் தொடரை மறுபடி ஒளிபரப்பியபோது, இணையத்தில் அந்தப் பகுதியை மொழிபெயர்ப்போடு தேடிப் பார்த்தேன். கொதித்த இலக்குவனுக்கு இராமன் விளக்கம் சொல்கிறான்: இலங்கையில் இருந்தது நிழல் சீதை, உண்மையான சீதை அக்கினியின் காவலில் இருந்தாள், அவளைத் திரும்பப் பெறத்தான் இந்த நெருப்பு. துளசிதாசர் வழி வந்த விளக்கம் அது; பக்தனின் மனம் ஏன் அதைத் தேடியது என்று எனக்குப் புரிகிறது. கம்பரும் மாற்றியவர்தான், இராவணன் சீதையைத் தொடாமல் குடிசையோடு நிலத்தைப் பெயர்த்துக்கொண்டு போனான் என்று பாடினார். ஆனாலும் இராமனின் கொடுஞ்சொல்லை அவர் மறைக்கவில்லை. தொடரிலோ இராமன் கடுஞ்சொல்லிலிருந்து தப்புகிறான். சீதை பட்ட வேதனைக்கு இடமே இல்லாமல் போகிறது. பிறகு வந்த உத்தர இராமாயணத் தொடரிலும் சீதை தானே விரும்பிக் காட்டுக்குப் போகிறாள். கர்ப்பிணியை அனுப்பியது சரியா என்று கேட்க முடியாதபடி அவள் வாயாலேயே பதில் சொல்லியாயிற்று.

விஜய் ரீவியில் 2013 இல் தமிழில் வந்த மகாபாரதத்தை லண்டனில் என் பிள்ளைகளோடு பார்த்தேன். அம்புகளும் அரண்மனைகளும் பிரமாதம். இவர்களுக்கு வசனம் முழுக்க விளங்கியது. கண்ணன் அடிக்கடி நின்று நல்லது கெட்டதை விளக்கவும் செய்கிறார். அப்படியிருந்தும் சபைக் காட்சியில் மகள் கேட்டாள்: "அப்பா, ஐந்து பேரும் ஏன் எழும்பேல்லை?" எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தொடரை நிறுத்திவிட்டு, பாஞ்சாலியைப் பணயம் வைத்து இழந்த அண்ணன் கையை எரிக்க நெருப்புக் கேட்ட வீமனைப் பற்றிச் சொன்னேன். எழும்பியவன் விகர்ணன், கௌரவர்களில் ஒருவன் என்றும் சொன்னேன். விடிய ஒரு மணி வரை கதைத்தோம்.

அதனால் சங்கச் செயற்குழுவிடம் ஒரு வேண்டுகோள். வருடாந்த ஒன்றுகூடலில் பாட்டுக்கும் நடனத்துக்கும் இடையில் ஒரு மணி நேரத்தை வழக்காடு மன்றத்துக்கு ஒதுக்குங்கள். பேசுவோர் இங்கே பிறந்த பிள்ளைகளாக இருக்கட்டும். தமிழ் தட்டுத்தடுமாறினாலும் பரவாயில்லை. திரௌபதியின் கேள்வியையே தலைப்பாக வைக்கலாம். பீஷ்மர் பக்கம் பேச ஆள் கிடைப்பது கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். எங்கள் வகுப்பில் அந்தப் பக்கம் நின்று எல்லோரையும் வாயடைக்க வைத்த நண்பர் இப்போது ரொறன்ரோவில் இருக்கிறார். அந்தப் பிள்ளைகளைப் பழக்கத் தான் தயார் என்று போன வாரம் தொலைபேசியில் சொன்னார்.