மார்பக அறுவைக்குப் பின்: ஆலோசனை அறை நாட்குறிப்பு

மார்ச் 4

மணமாகாதவர் வீடு திரும்பும்போது "தைரியமா இருக்கீங்களா?" என்று கேட்டுப் பயனில்லை. "டிரெயின் குழாயை யார் பார்த்துக்குவாங்க?" என்று கேட்க வேண்டும். காயத்தில் ஊறும் நீரை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் அது. அதன் நுனியில் உள்ள குடுவையைத் திறந்து, அளவுக் கோப்பையில் ஊற்றி, மில்லிலிட்டரைக் குறித்துவிட்டு, குடுவையை நசுக்கிப் பிடித்தபடியே மூட வேண்டும். நசுக்காமல் மூடினால் உறிஞ்சாது, நீர் உள்ளேயே தேங்கும். ஒரு பக்கக் கை வலிக்கும்போது தனியாளாக இதைச் செய்வது கஷ்டம். 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 30 மி.லி.க்குக் கீழே இறங்கும்வரை பெரும்பாலும் குழாயை எடுக்க மாட்டார்கள்.

"எதுன்னாலும் கூப்பிடு" என்று பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். கூப்பிடத்தான் வாய் வராது. அதனால் ஒரு தாளில் வேலைக்கு ஒரு பெயர்: குழாய்க்கு ஒருவர், மருத்துவமனைக்குத் துணையாக ஒருவர், தூக்கம் வராத இரவில் பேச ஒருவர். எல்லா வரியிலும் அம்மா பெயரே இருந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவது வழக்கம்.

மார்ச் 9

கட்டுப் பிரிப்பு. தழும்பை முதன்முதலாகக் குளியலறையில் தனியே பார்க்க நேரக் கூடாது. செவிலியர் பக்கத்தில் இருக்க, உட்கார்ந்தபடி குனிந்து பார்க்கட்டும், கண்ணாடி அப்புறம். இன்று வேண்டாம் என்றால் விட்டுவிடலாம்.

அக்குளில் நெறிக்கட்டி எடுத்தவர்களுக்கு மேல்கையின் உட்புறம் மரத்துப்போகலாம். அங்கே ஓடும் தோல் நரம்பு இழுபட்டதோ அறுபட்டதோதான் காரணம். முன்னாலேயே சொல்லாவிட்டால் நோய் பரவிவிட்டதென்று பயப்படுவார்கள்.

மார்ச் 15

கணவர் இல்லையென்றால் குழந்தைப் பேச்சையே யாரும் எடுப்பதில்லை. கீமோவுக்கு முன்பே எடுத்தாக வேண்டும். கருமுட்டையை உறைய வைக்கச் சுமார் 2 வாரம் பிடிக்கும். ஹார்மோன் சிகிச்சை மாத்திரையான தமாக்சிஃபென் 5 ஆண்டு, சிலருக்கு 10; அதை எடுக்கும் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது. ஆனால் 2023இல் வெளியான 'பாசிட்டிவ்' ஆய்வில், ஹார்மோன் சிகிச்சையை 18 முதல் 30 மாதம் எடுத்தபின் நிறுத்திவைத்துக் கருத்தரிக்க முயன்றவர்களுக்கு, கண்காணித்த சில ஆண்டுகளில் நோய் திரும்புவது கூடவில்லை. நிறுத்தும் முடிவு புற்றுநோய் மருத்துவருடன் பேசித்தான்.

மார்ச் 22

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வி வினாத்தாள். 27க்கு 10 வந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். களைப்பு, பசி, தூக்கம் பற்றிய கேள்விகளில் கீமோவே மதிப்பெண்ணை ஏற்றிவிடும் என்பதால் முதல் இரண்டு கேள்விகளை (ஆர்வமின்மை, மனச்சோர்வு) தனியாகவும் பார்க்கிறோம். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. மொத்தம் எவ்வளவு குறைவானாலும் அதில் பூஜ்யம் இல்லையென்றால் அன்றே உட்கார்ந்து பேச வேண்டும்.

மருந்து எழுதுபவருக்குத் தமாக்சிஃபென் எடுப்பது தெரிய வேண்டும். மனச்சோர்வு மருந்துகளான பரோக்செடினும் ஃப்ளுவாக்செடினும் தமாக்சிஃபெனைச் செயல்பட வைக்கும் கல்லீரல் நொதியைத் தடுக்கின்றன.

மார்ச் 29

நோயைப் பற்றி யாரிடம், எப்போது சொல்வது? நோயாளியின் முடிவுதான். "எனக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் ஆச்சு. சிகிச்சை நடக்குது. மீதியை நானே சொல்றேன்." இவ்வளவு போதும், வாய்விட்டு நாலு தடவை சொல்லிப் பழகினால் நடுவில் குரல் உடையாது. வீட்டார் ஊருக்கு வேறு கதை சொல்லி வைத்திருந்தால் ஒவ்வொரு செக்கப்புக்கும் ஒரு புதுப் பொய் தேவைப்படும், அதுவே ஆளை உருக்கிவிடும். அடுத்த முறை வீட்டாரையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறது.