எடை போட்டவரின் கேள்வி

புரதங்களைப் பிரிக்கும் ஜெல் செய்யத் தேவையான, நச்சுத்தன்மையுள்ள அக்ரிலமைடு என்ற சேர்மத்தைத் தூளாக வாங்குவதை நிறுத்திவிட்டு, இனி தயார்நிலைக் கரைசலையே வாங்குவது என்று முடிவெடுத்ததில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. அந்த முடிவைச் சொன்னபோது எங்கள் ஆய்வகத்தின் மூத்த உதவியாளர் கேட்ட கேள்விதான் என்னை விடாமல் தொடர்கிறது. "அப்போ இத்தனை வருஷமா நான் எடை போட்டேனே மேடம், அது?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் சமாதானமாவது சொல்லியிருக்கலாம். "கொஞ்சம்தானே அண்ணா, பயப்படாதீங்க" என்றேன்.

நான் சொன்னது பொய்யல்ல. நூறு மில்லிலிட்டர் கரைசலுக்கு 29.2 கிராம் அக்ரிலமைடும் அதன் சங்கிலிகளைக் குறுக்கே இணைக்கும் 0.8 கிராம் பிஸ்-அக்ரிலமைடும் எடுப்போம். அதில் காற்றில் பறப்பது மிகச் சிறிய பங்குதான். அவரும் அலட்சியமானவர் அல்லர். கையுறை, முகக்கவசம் இல்லாமல் அந்தப் பாட்டிலைத் திறக்கவே மாட்டார். எடை போட்டு முடித்ததும் தராசுத் தட்டைச் சுற்றிப் படிந்திருக்கும் வெண்துகளை ஈரத் தாளால் ஒற்றியெடுத்து, அந்தத் தாளைத் தனிப் பையில் போட்டுக் கட்டிவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவார். ஆனால் அந்தத் தராசு வெளிமேசையில் இருந்தது. நச்சுக்காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹுட்டுக்குள் வைத்தால் காற்றோட்டத்தில் அளவு நிலைகொள்ளாமல் ஆடுகிறது என்பதால் எல்லோருமாகச் செய்துகொண்ட ஏற்பாடு அது.

1970இல் லெம்லி என்ற ஆய்வாளர் வெளியிட்ட முறையில் புரதங்களைப் பிரிக்கும் எந்த ஆய்வகத்துக்கும் இந்தச் சேர்மம் தவிர்க்க முடியாதது. வினையைத் தொடங்கிவைக்கும் டெமெட்டும் அம்மோனியம் பெர்சல்ஃபேட்டும் சேர்ந்தவுடன் தனித்தனி மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்து, கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வலையாக இறுகிவிடும். இறுகிய ஜெல்லில் வினைபுரியாமல் தங்கும் மிச்சத்துக்காகத்தான் கையுறை போடச் சொல்கிறோம். உண்மையான அபாயம் கோக்கப்படாத மூலக்கூறில் இருக்கிறது. அது தோல் வழியாகவே உடலுக்குள் போகும், கை கால் நரம்புகளைத் தாக்கும். 1994இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 2ஏ பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க மிகவும் வாய்ப்புள்ளவற்றின் வரிசையில் வைத்தது.

இவை அனைத்தையும் நானே கொள்முதல் குறிப்பில் எழுதியிருந்தேன். தயார்நிலைக் கரைசலின் விலை அதிகம் என்பதால் "நரம்பு நஞ்சு", "எடை போடுபவருக்கு நேரடி அபாயம்" என்றெல்லாம் அழுத்தமாக எழுதாமல் அனுமதி கிடைக்காது. அந்தக் கோப்பை அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றவரும் அவர்தான். காகிதத்தில் அபாயம் என்றும், நேரில் கொஞ்சம்தானே என்றும் சொன்னவள் நான். வேதியியல் கணக்கில் இரண்டும் சரியே என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருப்பதே உறுத்துகிறது.

சில மாதம் கழித்து, கால் விரல்கள் மரத்துப்போவதாகவும் மருத்துவர் சர்க்கரைதான் காரணம் என்று சொன்னதாகவும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு. அக்ரிலமைடும் சர்க்கரையும் ஒரே இடத்தில், கால் விரல்களில்தான், தொடங்கும்.

சுவீடனில் ஹாலண்ட்சோஸ் ரயில் சுரங்கத்தில் நீர்க்கசிவை அடைக்க அக்ரிலமைடு கலந்த பூச்சைச் செலுத்தியபோது, 1997இல் அது ஓடைநீரில் கலந்து மீன்கள் செத்தன, மாடுகள் நடக்க முடியாமல் விழுந்தன. சுரங்கத் தொழிலாளர்களின் இரத்தத்தில் ஹீமோகுளோபினோடு ஒட்டியிருந்த அக்ரிலமைடை அளந்தார்கள். கை கால் மரத்துப்போனவர்களில் பெரும்பாலோர் ஒன்றரை ஆண்டில் தேறிவிட்டார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒப்பிடுவதற்காக எடுத்த, சுரங்கத்துக்கே போகாதவர்களின் இரத்தத்திலும் அது இருந்தது. காரணம் தேடிப்போனதில்தான் உயர் வெப்பத்தில் வறுக்கும் உருளைக்கிழங்கில் அக்ரிலமைடு உருவாவது 2002இல் வெளிவந்தது. ஆக, எல்லோருடைய உடலிலும் கொஞ்சம் இருக்கிறது. என் "கொஞ்சம்தானே" என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் வறுவல் தின்றவரையும் தூளை எடை போட்டவரையும் ஒரே தட்டில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

அவருடைய இரத்தத்திலும் பார்க்கலாமே என்று தோன்றியது. ஆனால் ஹீமோகுளோபினைச் சுமக்கும் சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள்தான். அவர் எடை போடுவதை நிறுத்தி அதைவிட அதிக காலம் ஆகிவிட்டது. பழைய ஆண்டுகளுக்கான தடயம் இனி எந்தச் சோதனையிலும் சிக்காது.

மருத்துவரிடம் காட்டும்படி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். எந்தச் சேர்மம், எத்தகைய வேலை, என்ன பாதுகாப்பு, நரம்பில் என்ன செய்யும் என்பதையெல்லாம் எழுதினேன். கொஞ்சம்தான் என்ற சொல்லை மட்டும் சேர்க்கவில்லை. அவர் நின்றபடியே படித்துவிட்டு, "ஆபீஸுக்கு எழுதின மாதிரியே எழுதியிருக்கீங்க மேடம்" என்றார். "ஆமாண்ணா, டாக்டருக்கு முழுசா தெரியணும்ல" என்றேன். நரம்புச் சோதனையில், நரம்பு வழியே சமிக்ஞை கடக்கும் வேகம் குறைந்திருப்பது தெரிந்தது. எதனால் என்பது தெரியவில்லை. மருத்துவர் கடிதத்தை அவருடைய மருத்துவக் கோப்பில் சேர்த்துக்கொண்டு, சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.