ஒற்றைத் தலைவலி: கெட்டுப்போன நாட்களை எண்ணுவது எப்படி

ஒற்றைத் தலைவலிக்காக டாக்டரைப் பார்க்கிறவர்கள் "தாங்க முடியல சார்" என்று வலியைத்தான் சொல்கிறார்கள். அதனால் எத்தனை நாள் பாழானது என்று சொல்வதில்லை. வலி வரும்போது மட்டும் மாத்திரை போதுமா, வராமல் தடுக்கத் தினமும் போட வேண்டுமா என்று முடிவெடுக்க அந்தக் கணக்குதான் பெரிதும் உதவும்.

இதற்கென்றே மிடாஸ் என்ற கேள்வித்தாள் இருக்கிறது. கடைசி 3 மாதத்துக்கு 5 கேள்விகள். தலைவலியால் வேலைக்கோ படிப்புக்கோ போகாத நாட்கள் எத்தனை? போயும் வேலை பாதியோ அதற்கு மேலோ குறைந்த நாட்கள்? வீட்டு வேலை செய்யவே முடியாத நாட்கள்? வீட்டு வேலை பாதியாகக் குறைந்த நாட்கள்? கல்யாணம், கோயில், சொந்தக்காரர் வீடு என்று போகாமல் விட்டவை? ஐந்தையும் கூட்டுங்கள். 5 வரை பெரிய பாதிப்பில்லை. 6 முதல் 10 லேசானது, 11 முதல் 20 நடுத்தரம், 21ம் அதற்கு மேலும் கடுமை.

கணக்கு பிசகுவது இரண்டாவது, நான்காவது கேள்விகளில். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் சம்பளம் பிடிப்பார்களே என்று வலியோடு வேலைக்கு வந்துவிடும் பெண்கள் அதிகம். லீவு போடவில்லை, அதனால் 0 என்று எழுதிவிடுகிறார்கள். பசை வாடையும் வெளிச்சமும் வலியைக் கூட்ட, வழக்கமாகத் தைப்பதில் பாதிகூடத் தைத்திருக்க மாட்டார்கள். அது இரண்டாவது கேள்விக்கான நாள். அன்று ராத்திரி ரசம் மட்டும் வைத்து, துணியை ஊறவைத்ததோடு படுத்துவிட்டால் நான்காவதிலும் அதே நாளைச் சேர்க்கலாம். "வீட்டில் சும்மாதானே இருக்கிறேன்" என்கிற அம்மாக்கள் மூன்றையும் நான்கையும் கட்டாயம் எழுத வேண்டும்.

எங்கே வலி வந்துவிடுமோ என்ற பயத்திலேயே ஒத்துக்கொள்ளாமல் விட்ட வேலை, பயணம் எதுவும் இந்த எண்ணில் வராது. அதைத் தனியாகச் சொல்லுங்கள். என் கணிப்பில் வாழ்க்கையை அதிகம் சுருக்குவது அந்தப் பயம்தான்.

மாத்திரை போட்ட நாட்களும் காலண்டரில் இருக்கட்டும். சாதாரண வலி மாத்திரை மாதம் 15 நாள், ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மாத்திரையோ பல மருந்து கலந்த மாத்திரையோ 10 நாள் என்று 3 மாதத்துக்கு மேல் போனால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். வலி ஏறும்வரை பொறுத்துப் போட்டாலும் பலன் குறைவு. அந்நேரம் இரைப்பை மந்தமாகிவிடுவதால் மருந்து ரத்தத்தில் சேரத் தாமதமாகும். வாந்தி வருகிறவர்கள் அதற்கும் மாத்திரை கேட்டு வாங்குங்கள்.

நோன்பு மாதத்திலும் ஆடிக் கிருத்திகை விரதத்திலும் பலருக்கு வலி கிளம்புவதற்குப் பசி, தண்ணீர்க் குறைவு, டீ நின்றுபோனது மூன்றும் காரணம். ஒன்றிரண்டு வாரம் முன்பிருந்தே டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வாருங்கள். கத்திரி வெயிலில் விரதம் என்றால் முதல் நாள் இரவே தண்ணீரைக் கவனியுங்கள்.

திடீரென்று இடி விழுந்தாற்போல் வரும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் இழுப்பு, 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் வலி என்றால் காலண்டர் வேண்டாம். உடனே வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ போய்விடுங்கள்.

தடுப்பு மாத்திரை எழுதித் தந்தால் அது வேலை செய்கிறதா என்று தெரிய 2 மாதமாவது ஆகும். ஒரு வாரத்தில் பலனில்லை என்று நிறுத்தாதீர்கள். வீசிங் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தடுப்புக்கு அடிக்கடி தரப்படும் புரோபிரனலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது.