வேலிக்கு அந்தப் பக்கம்

நாகர்கோவிலில் ஏசி அறையில் உட்கார்ந்து ஆஸ்திரேலியாவின் முல்கா காட்டைப் பார்ப்பது என் வேலை. முல்கா என்பது குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் உள்பகுதிகளில் வளரும் ஒரு வகை அக்கேசியா. மழை குறைந்த மேய்ச்சல் நிலம் அது. ‘ஆடுமாடுகளைக் குறைத்தோம், காடு தானாகத் திரும்புகிறது, அது உறிஞ்சும் கார்பனுக்குக் கிரெடிட் கொடுங்கள்’ என்கிற திட்டங்கள் அங்கே ஏராளம். கிரெடிட் என்பது உறிஞ்சிய கார்பனுக்கான சான்று; புகை விடும் ஆலைகள் அதை விலைக்கு வாங்கித் தங்கள் கணக்கில் கழித்துக்கொள்ளும். காடு நிஜமாகவே திரும்பியதா என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துச் சொல்ல வேண்டும்.

அந்த நாட்டு விதிப்படி, இரண்டு மீட்டர் உயரம் எட்டக்கூடிய மரங்கள் 0.2 ஹெக்டேரில் 20 சதவீதத்தை மூடினால் அது காடு. லேண்ட்சாட் என்ற செயற்கைக்கோளின் படத்தில் ஒரு புள்ளி என்பது 30 மீட்டருக்கு 30 மீட்டர். கணக்குப் போட்டால் 0.2 ஹெக்டேருக்கு இரண்டு புள்ளி சொச்சம்தான் தேறும். மழை பெய்த கையோடு எடுத்த படத்தில் புல்லும் பச்சை, மரமும் பச்சை. இரண்டையும் பிரிக்கவே முடியாது. அதனால் புல் காய்ந்த மாதத்துப் படத்தைத் தேடி எடுப்பேன்.

அடுத்த சிக்கல் தொடக்க ஆண்டு. வறட்சியில் ஆரம்பித்து, 2010-11 அல்லது 2020-22 லா நினா (பசிபிக் கடல் குளிர்ந்து ஆஸ்திரேலியாவில் மழை கூடும் காலம்) மழைக்குப் பிறகு முடித்தால் எந்த நிலமும் அடர்ந்துதான் தெரியும். ஆகவே திட்ட எல்லைக்குள் பார்ப்பதோடு விடமாட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் பார்ப்பேன். அதே மண், அதே மழை, காசு வாங்காத நிலம். அங்கேயும் அதே அளவு மரம் கூடியிருந்தால் வளர்த்தது மழை, திட்டம் இல்லை.

இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இந்தக் கிரெடிட் முறையை மேற்பார்வையிடும் குழுவுக்குத் தலைவராக இருந்த ஆண்ட்ரூ மக்கின்டாஷே 2022இல் வெளிப்படையாகக் குறை சொன்னார். அடுத்து அரசு அமைத்த, இயன் சப் தலைமையிலான ஆய்வு, அமைப்பின் அடித்தளம் சரிதான் என்றது. 2024இல் மக்கின்டாஷும் மற்றவர்களும் 182 திட்டங்களை ஆராய்ந்து, பெரும்பாலானவற்றில் மரப்பரப்பு பெயருக்குத்தான் கூடியது அல்லது குறைந்தது என்று எழுதினார்கள். நான் இவர்கள் பக்கம். கிரெடிட்டைக் கணக்கிடுவது மரத்தை அளந்து அல்ல, கணினி மாதிரியை வைத்து. மாதிரி மரத்தை வளர்த்துக்கொண்டே போகும். நிலம் அப்படி வளர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.

திருவட்டார் பக்கத்தில் மாமாவுக்கு ரப்பர் தோட்டம். 2017 ஒக்கி புயலில் பாதி மரம் சாய்ந்தது. விலையும் இல்லை, பால்வெட்ட ஆளும் இல்லை என்று ஒரு மூலையை அப்படியே போட்டுவிட்டார். இப்போது அங்கே வட்டக்கண்ணி மரம் தலைக்கு மேல் நிற்கிறது, அதன் நிழலில் அயனிக் கன்றுகள்.

“இதுக்கும் கார்பன் பைசா தருவாளா மக்கா?”

“காசு வராட்டி வெட்டிருப்பீங்களா மாமா?”

“எதுக்கு வெட்டணும்? ஆளுக்கு யாரு கூலி குடுப்பா?”

அதோடு முடிந்தது. கார்பன் உள்ளே போகிறது, உண்மை. ஆனால் காசால் போகவில்லை. அந்தக் கிரெடிட்டை வாங்கி ஒரு சிமென்ட் ஆலை தன் புகையைக் கழித்துக்கொண்டால், புகை மட்டும்தான் மிச்சம். மரச்சீனி (மரவள்ளி) போட அவர் வேறு சரிவை வெட்டினால் அதையும் கழிக்க வேண்டும். இன்னொரு ஒக்கி வந்தால் நின்றதும் போகும். மாமாவிடம் இதைச் சொல்லவில்லை.

கார்பன் கிரெடிட்டுகளுக்குச் சான்று தரும் வெர்ரா அமைப்பு 2023இல் கொண்டுவந்த புதிய காடு வளர்ப்பு முறை, நிலப்பரப்பை வைத்துக் கணக்கிடும் திட்டங்களுக்கு இந்த வேலிக் கணக்கையே விதியாக்கியிருக்கிறது: திட்ட நிலத்தைப் போன்ற வெளி நிலங்களை ஜோடி சேர்த்து, இரண்டும் எப்படி மாறுகின்றன என்று தொடர்ந்து ஒப்பிட வேண்டும். நல்ல மாற்றம். ஆனால் ஜோடி சேர்ப்பதில்தான் சூட்சுமம். நம் மாவட்டத்தையே எடுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலை சுற்றும் பொட்டல். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கீரிப்பாறையில் அட்டை கடிக்கும் ஈரக்காடு. கீரிப்பாறைத் திட்டத்துக்கு ஆரல்வாய்மொழியை ஜோடியாகக் காட்டினால் எந்தத் திட்டமும் ஜெயித்துவிடும். அதனால் அறிக்கை கைக்கு வந்ததும், எத்தனை டன் என்ற பக்கத்துக்கு முன்னால் ஒப்பீட்டு நிலங்களின் வரைபடத்தைத் திறக்கிறேன். அது இல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.